குருந்தம்: சாணைக்கல்லின் பெயர் மாணிக்கத்துக்குப் போன கதை

ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்து உண்டான ஒரு கனிமத்தின் பெயர் அது. இயற்கையில் பரவலாகக் கிடைக்கும் கனிமங்களில் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நகைக்கடையில் மாணிக்கம் என்று எடுத்துக் காட்டுவதும் நீலக்கல் என்று எடுத்துக் காட்டுவதும் இந்த ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் இந்தச் சொல்லைத் தேடினால், பிறப்பு பற்றிய குறிப்பில் தமிழ் 'குருந்தம்' என்று போட்டிருக்கும்.

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு, கறி என்று வரிசையாக வரும். குருந்தம் பெரும்பாலும் வராது, வந்தாலும் கடைசியில் வரும். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மற்ற சொற்கள் எல்லாம் ஒரு பொருளோடு போய் அந்தப் பொருளுக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டன. குருந்தம் மட்டும்தான் ஒரு விஞ்ஞானத் துறைக்குள் நுழைந்து, தன்னைவிடப் பல மடங்கு விலை உயர்ந்த கற்களுக்கெல்லாம் குடும்பப் பெயராக மாறியது. அதுவும், சாணை பிடிப்பவர்கள் கையில் இருந்த அழுக்குச் சாம்பல் நிறக் கல்லின் பெயர். இந்தக் கதையில் காங்கயமும் பரமத்தியும் வருகின்றன என்பதால், கொங்கு நாட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டிய சொல் இது.

முதலில் கல்லைப் பார்த்துவிடலாம். மண்ணிலோ பாறையிலோ கிடைக்கும் சாதாரணக் குருந்தம் கண்ணைப் பறிக்கிற பொருளே இல்லை. சாம்பல், பழுப்பு, மங்கிய இளஞ்சிவப்பு, சில சமயம் சாம்பல் கலந்த நீலம் என்று இருக்கும். ஒளி ஊடுருவாது. வடிவம்தான் அடையாளம். ஆறு பக்கப் பட்டகம், நடுவில் சற்றுப் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய பீப்பாய் மாதிரி. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். தண்ணீரைப் போல் 4 மடங்கு அடர்த்தி. பக்கத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சுமார் 2.65 மடங்குதான். அந்த வெங்கச்சங்கல்லில் இதைக் கீறினால் கோடு விழும். 1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடின அளவுகோலில் வெங்கச்சங்கல்லுக்கு 7, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. இந்த எண்கள் வரிசையைத்தான் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. 9க்கும் 10க்கும் நடுவில் உண்மையில் பெரிய பள்ளம் இருக்கிறது. வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினம்.

சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய அளவில் குரோமியம் புகுந்துகொண்டால் சிவப்பாகி மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து புகுந்தால் நீலம். நகைத்தொழிலில் சிவப்பை மட்டும் ரூபி என்பார்கள். நீலம் வெறும் சஃபையர். மற்ற நிறங்களுக்கு மஞ்சள் சஃபையர், பச்சை சஃபையர் என்று நிறத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். வீட்டில் தாத்தா காலத்து எச்.எம்.டி. கடிகாரம் இருந்தால் அதன் முகப்பைப் பாருங்கள். '17 ஜுவல்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சின்னஞ்சிறு சக்கரங்களின் அச்சுமுனை சுற்றும் குழிகளில் வைத்திருப்பது செயற்கை மாணிக்கம், அதாவது குருந்தம். இரும்பு அச்சு ஆண்டுக்கணக்காகச் சுற்றினாலும் தேயாத பொருள் வேண்டும், அதற்குத்தான். 1902இல் பிரெஞ்சு வேதியியலர் வெர்னோய் தீச்சுவாலையில் அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடுத் தூளை உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிகம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகுதான் இந்தக் கற்கள் சாமானியக் கடிகாரத்துக்கும் கட்டுப்படியாயின.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஐரோப்பியர் கைப்பட எழுதிய பழைய குறிப்புகளில் ஒன்று, 1666 வாக்கில் கோல்கொண்டா பக்கம் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் தெவெனோவுடையது. வெள்ளை எமரி இந்த ராஜ்ஜியத்தில் ஓரிடத்தில் கல்லாகக் கிடைக்கிறது, தெலுங்கு மொழியில் அதைக் 'கொரிந்த்' என்கிறார்கள் என்று எழுதுகிறார். எமரி என்பது கிரேக்கத் தீவான நாக்சாஸிலும் துருக்கியிலும் கிடைக்கும் கருப்புத் தேய்ப்புக்கல். அதுவும் இரும்புத் தாது கலந்த குருந்தம்தான் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் வேலையைப் பார்த்து இனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

அடுத்தது லண்டனில் கனிமங்கள் சேகரித்த ஜான் உட்வர்டு, 1725இல். அவருடைய பட்டியலில் 'நெல்லா கொரிவிந்தம்', 'தெல்லா கொரிவிந்தம்' என்று இரண்டு கற்கள். தெலுங்கு தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்: நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருப்பு வகை நெல் விளையும் வயல்களில் கிடைக்கிறது, வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுகின்றன, இரும்பைத் தேய்க்கப் பயன்படுகிறது என்கிறார். இங்கிலாந்தில் உட்கார்ந்தபடி எழுதிய வரி என்றாலும், களத்தில் நின்ற யாரோ ஒருவர் அவருக்கு ஒழுங்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கனமான கல் என்பதால், பாறை உதிர்ந்து மண்ணான பிறகும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கும். எலி வளை மண்ணில் குருந்தம் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த இரண்டு வடிவத்திலும் ஒரு 'இ' ஒலி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கொரிந்த், கொரிவிந்தம். தெலுங்கில் இது குருவிந்தம். வடமொழியிலும் குருவிந்த என்றே வழங்குகிறது. அங்கே அதற்குக் கோரைப்புல் என்றும் மாணிக்கம் என்றும் பொருள் உண்டு. தமிழிலும் குருவிந்தம் பழக்கமானதுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை நவமணிக் கடைத்தெருவை வருணிக்கும்போது 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று மாணிக்கத்தின் நான்கு சாதிகளை இளங்கோ சொல்கிறார். அதில் விந்தம் என்பது குருவிந்தம். ஆக ஒரு சாதி மாணிக்கத்துக்கும் சாணைக்கல்லுக்கும் ஒரே பெயர் இந்தப் பக்கம் வெகுகாலமாக வழங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே பொருள் என்று ஐரோப்பிய வேதியியல் சொல்வதற்கு முன்னாலேயே இந்தப் பெயர் உறவு இருந்திருக்கிறது. கல்லறுப்பவர்கள் கண்ணுக்கும் கைக்கும் இரண்டின் உறவு தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த 'இ' இல்லாத வடிவம் தமிழில் இயல்பாக வழங்கியது: குருந்தம். ஆங்கிலத்துக்கு நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது இதுதான். எப்படிப் போனது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது.

1767 அல்லது 1768இல் எடின்பரோவில் முத்திரைக் கல் செதுக்கும் வில்லியம் பெர்ரி என்பவருக்கு, சென்னையில் இருந்த டாக்டர் ஆண்டர்சன் ஒரு பெட்டி நிறையப் படிகங்கள் அனுப்பினார். வைரம் தவிர மற்ற எல்லா மணிகளையும் இந்த ஊர்க்காரர்கள் இதை வைத்துத்தான் மெருகேற்றுகிறார்கள் என்ற குறிப்போடு. பெர்ரி தேய்த்துப் பார்த்தார். அகேட்டை அறுத்தது. ஆனால் அவருடைய நுண்ணிய வேலைக்கு வைரமே தேவலை என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அங்கிருந்த பெரிய வேதியியலர் ஜோசப் பிளாக் அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் கண்ட எந்தக் கல்லோடும் இது ஒத்துப்போகவில்லை என்று 'அடமண்டைன் ஸ்பார்' என்று ஒரு பெயர் வைத்தார். வைரம் போன்ற கடினமுள்ள கல் என்று அர்த்தம். அந்தப் பெயரே நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

நிலைக்காமல் போனதற்குக் காரணம் சார்லஸ் கிரெவில். பெரிய இடத்துப் பிள்ளை. கனிமச் சேகரிப்பில் தீராத ஆசை. அவர் சேர்த்த கற்களை அவர் இறந்த பிறகு 1810இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. 1784இல் கர்னல் காத்கார்ட் என்ற நண்பர், அதே ஆண்டர்சனிடம் வாங்கிய மாதிரிக் கற்களை, உள்ளூர்ப் பெயர் 'கொரண்டம்' என்று சேர்த்து எழுதி கிரெவிலுக்கு அனுப்பிவைத்தார். கிரெவில் செய்த முக்கியமான காரியம் இங்கேதான். அந்தக் கற்களை ஆராய்ச்சிக்காகப் பலருக்கும் பங்கிட்டபோது, பிளாக் வைத்த பெயரைச் சூட்டாமல், வந்த பெயரோடேயே கொடுத்தார். பெர்லினில் கிளாப்ரோத் போன்ற வேதியியலர்கள் சோதித்து எழுதத் தொடங்கியதும் அந்தப் பெயர் கட்டுரைகளில் ஏறியது. 1798இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக் கல் பற்றிக் கிரெவில் விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கல் எங்கே தோண்டப்படுகிறது என்று ஆளனுப்பி விசாரித்த செய்தியும் அதில் உண்டு. 'பெர்மெட்டி' என்று அதில் வரும் ஊர், நம் பரமத்தி. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரில் இருக்கிற அதே பரமத்தி. 1792இல் திப்புவிடமிருந்து சேலம், பாராமகால் பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்திருந்த காலம் அது. அதற்கு முன் இப்படி ஆளனுப்பி விசாரிக்க முடிந்திருக்காது.

பிரெஞ்சில் இந்தக் கல்லுக்கு இன்றைக்கும் 'கொரிந்தோன்' என்றுதான் பெயர். தெவெனோ தெலுங்கில் கேட்ட 'இந்த்' அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'உண்ட்', ஜெர்மன் மொழியில் 'கொருண்ட்'. கோல்கொண்டா வழியாகப் போனது ஒன்று, சென்னை வழியாகப் போனது இன்னொன்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி, தெலுங்கு வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு நேரடி மூலம் பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும் என்கிறது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

குருந்தம் என்றதும் பலருக்கு மரம்தான் நினைவுக்கு வரும். காட்டு எலுமிச்சை இனத்துக் குருந்த மரம் சங்கப் பாட்டிலேயே பூத்திருக்கிறது. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகருக்குக் குரு காட்சி கொடுத்ததும் குருந்த மரத்தடியில்தான். மரத்துக்கும் கல்லுக்கும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை. ஆனாலும் மாணிக்கம் என்ற பெயர் சுமந்தவர் குருந்தத்தின் அடியில் உட்கார்ந்தார் என்பதைக் கல் பற்றிப் படித்த பிறகு கேட்கும்போது மனசு ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

சரி, சாணைக்கல்லின் பெயர் எப்படி மாணிக்கத்துக்குப் போனது? அந்தக் காலத்தில் மணிகளுக்குப் பெயர் நிறத்தை வைத்து. ரூபி என்பது லத்தீனில் சிவப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. சிவப்பாக இருந்தால் ரூபி, அவ்வளவுதான். இங்கிலாந்து மகுடத்தில் இருக்கும் புகழ்பெற்ற 'பிளாக் பிரின்ஸ் ரூபி' உண்மையில் ஸ்பைனல் என்ற வேறு கல். சஃபையர் என்ற கிரேக்கச் சொல் முற்காலத்தில் பெரும்பாலும் லாபிஸ் லசூலி என்ற வேறொரு நீலக்கல்லைக் குறித்தது என்கிறார்கள். இப்படி நிறத்தை நம்பி வைத்த பெயர்கள், கல்லை அறிவியலாகப் பிரிக்கத் தொடங்கியதும் காலை வாரின. 1783இல் பிரான்சில் ரோமே தெ லீல், படிகத்தின் முகங்களுக்கு இடையே உள்ள கோணங்களை அளந்து பார்த்து, சிவப்பு மாணிக்கமும் நீலமும் கிழக்கத்திய மஞ்சள் கல்லும் ஒரே இனம் என்று சொன்னார். நிறம் மேல்பூச்சு, வடிவம்தான் பிறவிக்குணம் என்பது அவர் கட்சி.

அந்த மணிகளோடு சாம்பல் நிறச் சாணைக்கல்லையும் சேர்ப்பதற்கு ஐரோப்பாவில் மனசு வரவில்லை. பாரிசில் ஆவூய் என்ற படிகவியல் மேதை, மணிகளுக்கு 'தெலேசி' என்று கிரேக்கத்திலிருந்து ஒரு பெயர் உண்டாக்கினார். நிறைவானது என்று பொருள். முரட்டுக் கல்லுக்குக் கொரிந்தோன் என்று தனியாக வைத்தார். 1802இல் கிரெவிலின் சேகரிப்பை ஒழுங்கு செய்துவந்த கவுண்ட் தெ பூர்னோன், இந்தியக் கற்களை வரிசையாக வைத்துக் கோணம் அளந்து, எடை பார்த்து, முரட்டுக் குருந்தமும் மணிகளும் ஒன்றே என்று காட்டினார். ஆவூயும் பின்னால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். அப்போது தெலேசி கைவிடப்பட்டது. அடமண்டைன் ஸ்பாரும் போயிற்று. ரூபியும் சஃபையரும் நகைக்கடைப் பெயர்களாக மட்டும் நின்றன. குடும்பத்துக்கு எஞ்சிய ஒரே பெயர் குருந்தம்.

இதற்குத் தற்செயலைவிட வலுவான காரணம் உண்டு என்பது என் எண்ணம். மணி கப்பலேறிப் போகும்போது மோதிரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வாங்கியவர் தன் மொழியில் அதை அழைத்துக்கொள்கிறார், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாணைக்கல் போனால் இது என்ன, இதை எப்படிப் பொடிப்பது, எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக் கூடாது என்று கேட்டாக வேண்டும். வேலை தெரிந்தவரிடம் கேட்கும்போது அவர் சொல்கிற பெயரும் சேர்ந்தே வரும். ஆண்டர்சன் அனுப்பிய முதல் பெட்டியில் இருந்தது பயன்பாட்டுக் குறிப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் குறிப்பைச் சொன்ன கல்லறுப்பவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர் வாய்ச் சொல் மட்டும் உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஏன் இந்த மண்ணில் மட்டும் இவ்வளவு குருந்தம்? பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது அலுமினியம். ஆனால் சிலிக்கா, அதாவது வெங்கச்சங்கல்லின் சரக்கு, பக்கத்தில் இருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து பெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற சாதாரணக் கனிமங்களாகத்தான் போகும். வெங்கச்சங்கல் தாராளமாகக் கிடக்கிற பாறைக்குள் குருந்தத்தைத் தேடுவது வீண். பாறை உருவாகும்போது சிலிக்கா பற்றாக்குறையாகவும் அலுமினியம் மிச்சமாகவும் இருந்தால்தான், சேர ஆளில்லாத அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் இணைந்து குருந்தமாகப் படியும். அப்படிப்பட்ட பாறைகள் உலகில் எங்கும் பரவிக் கிடப்பதில்லை. கொங்கு நாட்டில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று சிவன்மலை. காங்கயத்துக்குப் பக்கத்தில், ஆண்டவர் உத்தரவுப் பெட்டிக்குப் பேர்போன அதே முருகன் மலை. பக்தர் கனவில் வந்த பொருளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், அந்தப் பொருளை ஒட்டி நாட்டு நடப்பு மாறும் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். புவியியல்காரர்களுக்கு அந்த மலை வேறு காரணத்துக்காக முக்கியம். அங்குள்ள நெபலின் சயனைட் என்ற பாறை சிலிக்கா குறைந்தது. அதோடு சேர்ந்த பெல்ட்ஸ்பார் பாறைகளில் குருந்தப் படிகங்கள் பொதிந்திருக்கின்றன. சார்னகைட் பாறைக்குப் பெயர் வைத்த டி. எச். ஹாலந்து, 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காகச் சிவன்மலைப் பாறைத் தொடரைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1898இல், இந்தியாவின் பொருளாதார நிலவியல் கையேட்டுக்கு முதல் பகுதி எழுத உட்கார்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டதும் குருந்தம்தான்.

இன்னொன்று பரமத்திக்குப் பக்கத்தில், சித்தம்பூண்டி. அங்கே வெள்ளை வெளேர் என்று கிடக்கும் அனார்த்தோசைட் பாறைக்குள் குருந்தம் இருக்கிறது. கிரெவிலுக்கு வந்து சேர்ந்த கற்களில் ஒட்டியிருந்த தாய்ப்பாறையைப் பார்த்த பூர்னோன், அந்த வெள்ளைக் கனிமத்துக்கு 'இண்டியனைட்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிற்கவில்லை. அது அனார்த்தைட் என்ற கால்சியப் பெல்ட்ஸ்பார் என்று பிற்பாடு தெரிந்தது. இந்த வகைப் பாறைதான் நிலவின் வெளிர்ந்த மேட்டு நிலங்களில் பரந்து கிடக்கிறது. சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டிக்கும் பக்கத்தில் குன்னமலைக்கும் வந்து பாறை எடுத்துப்போய் அரைத்து, பெங்களூரில் தரையில் பரப்பி, விக்ரம் லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை இதில் உதவியது. சாணைக்கல் தேடி வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கித் தள்ளவேண்டிய ஓடாக இருந்த பாறை, இப்படி ஒரு காரியத்துக்கு ஆகியிருக்கிறது.

காங்கயம் பக்கத்துக் கற்களுக்குச் சந்தை இருந்தது நேற்று இன்றைக்கு அல்ல. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். மணி செய்யும் பட்டறை, பாதி துளையிட்ட மணிகள், உடைந்த சில்லுகள், இரும்பு, எஃகு உருக்கிய உலைகள், தமிழ்பிராமி எழுதிய ஓடுகள் எல்லாம் வந்தன. பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, படிகக்கல்லுக்கு வெங்கமேடு என்று மூலப்பொருள் ஒரு நாள் நடைக்குள் அமைந்திருந்தது. பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று பாடும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் முடிவு. 'வினைமாண்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். வேலைப்பாட்டில் சிறந்த என்று பொருள். கல் சும்மா கிடைத்தது என்று புலவர் பாராட்டவில்லை. அந்த ஊர் வேலையைப் பாராட்டுகிறார். படிகக்கல்லும் பச்சைக்கல்லும் 7, 8 கடினம். அவற்றை உருட்டி மெருகேற்ற அவற்றைவிடக் கடினமான ஒரு பொடி வேண்டும். அந்தப் பொடியாகக்கூடிய கல் சிவன்மலையில் இருந்தது.

பழைய முறைச் சாணையில் குருந்தம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் அந்தத் தொழிலின் நுட்பம் புரியும். கல்லை இடித்து, சலித்து, பரும்பொடி தனியாக, நைந்த பொடி தனியாகப் பிரிப்பார்கள். உருக்கிய அரக்கில் பொடியைக் கலந்து வட்டாக ஆக்கினால் சாணைச் சக்கரம் தயார். நடுவில் மர அச்சு. ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் கத்தியையோ மணியையோ பிடிப்பார். குருந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. மழுங்கின துகள் உடைந்தால் உடைந்த இடத்தில் புது விளிம்பு வரும். அது உடைந்து தீர்ந்ததும் மேல் அரக்கு தேய்ந்து அடுத்த துகள் தலைகாட்டும். ஆகவே சக்கரம் தேயத் தேய கூர் குறையாது, சக்கரம்தான் சிறுக்கும். இன்றைக்குக் கோவையில் எந்த டூல் ரூமில் ஓடும் கிரைண்டிங் வீலும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. அரக்குக்குப் பதில் சூளையில் சுட்ட களிமண் கலவையோ ரெசினோ பிடிமானம் கொடுக்கிறது.

அந்தப் பட்டறைகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் கார்போரண்டம். அரிவாள் தீட்டும் இருபக்கக் கல்லைக் காட்டி இது என்ன கல் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "கார்ப்பரண்டமுங்க. ஒரு பக்கம் மொரமொரப்பு, ஒரு பக்கம் நைசு. மொதல்ல இதுல புடிச்சுட்டு அப்பறம் அதுல புடிக்கோணுமுங்க" என்றார். அந்தச் சொல்லின் பின்பாதி குருந்தம். 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றியபோது, பளபளவென்று கடினமான படிகங்கள் உண்டாயின. கார்பனும் களிமண்ணில் இருந்த அலுமினாவும் சேர்ந்து வந்தவை என்று நினைத்து, கார்பன் பாதி, கொரண்டம் பாதி என்று ஒட்டிப் பெயர் வைத்தார். சோதித்ததில் அதில் அலுமினியமே இல்லை, சிலிக்கன் கார்பைடு. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. 1893இல் காப்புரிமையும் வாங்கி, கம்பெனியும் உலகம் முழுக்கப் பரவியது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் தொடங்கியதும் கார்போரண்டம் யுனிவர்சல் என்ற பெயரில்தான். குருந்தமே இல்லாத ஒரு பொருளில் ஏறிக் குருந்தம் என்ற சொல் ஊர் திரும்பியது இப்படித்தான்.

பட்டறையில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வேலை கெடும். வீலின் லேபிளில் முதல் எழுத்து 'ஏ' என்று இருந்தால் அலுமினியம் ஆக்சைடு, அதாவது மின் உலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை உருக்கிச் செய்த குருந்தம். 'சி' என்று இருந்தால் சிலிக்கன் கார்பைடு. எஃகுக்கு 'ஏ' வீல். வார்ப்பிரும்பு, கல், பித்தளைக்கு 'சி'. கார்பைடு டிப் வைத்த லேத் டூலுக்கு 'ஜிசி' என்று போட்ட பச்சை வீல். சிலிக்கன் கார்பைடு அதிகக் கடினம்தான். ஆனால் எஃகைத் தேய்க்கும் சூட்டில் அதன் துகள் இரும்போடு வினைபுரிந்து சீக்கிரம் மழுங்கிவிடும். குருந்தம் இரும்போடு அப்படி ஒட்டாது, வலுவும் கூட. வயல் எலி தள்ளிய கருப்புக் கல்லை இரும்பைத் தேய்க்கத்தான் எடுத்தார்கள் என்று 1725இல் உட்வர்டு எழுதியதும், இன்றைக்குக் கோவை கணபதியில் டிரில் பிட் தீட்டுகிறவர் 'ஏ' வீலைத் தேடி மாட்டுவதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

தமிழில் எழுதுகிற சிலர் இந்தக் கனிமத்தைக் 'கொரண்டம்' என்று ஆங்கிலத்திலிருந்து எழுத்துக் கூட்டி எழுதுவதைப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொல்லைக் காட்ட வேண்டிய இடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் கல்லைச் சொல்லும்போது குருந்தம் என்றே எழுதலாம், மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கலாம். சிவன்மலைக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு உத்தரவுப் பெட்டியைக் காட்டிவிட்டு, அடிவாரத்துப் பாறையையும் ஒருமுறை காட்டினால் நல்லது. காங்கயத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரம்தான்.